நீ வாங்கப்போகும் பிஸ்டலைப் பற்றி

தம்பி,

சனிக்கிழமை கடைக்கு வருகிறீர்களா என்று நீ கேட்டு இன்றோடு ஐந்து நாள். "பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். நான் பாப்பம் என்றால் பெரும்பாலும் மாட்டேன் என்றுதான் அர்த்தம் என்பது உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதனால் நீ மறுபடி எடுக்கவில்லை. இந்த முறை நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. உன்னோடு அந்தக் கடைக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன் உனக்குச் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசியில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நேரில் தொடங்கினால் பாதியில் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவேன். எழுதும்போதும் எழுந்து போகிறேன்தான், ஆனால் திரும்பி வரும்போது தாள் அதே இடத்தில் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டி மூடப்போவதில்லை. ஒரு பிரதியை முதலில் உன் சித்தப்பாவுக்குக் கொடுப்பேன், பிறகு அப்பாவுக்கு. அதற்குப் பிறகு, அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் எவர் கேட்டாலும் வாசிக்கலாம். நீ சித்தப்பாவை ஏசியது நாற்பது பேர் முன்னிலையில். அதற்கான பதிலும் நாற்பது பேருக்குத் தெரிய வேண்டும்.

நீ எதை முதன்முதலாக வாங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். "அம்மாவுக்கு ஒண்டும் பிடிக்காது, அதாலைதான் கூட்டிக்கொண்டு போறன்" என்று உன் சிநேகிதர்களிடம் சொல்வாய். உண்மைதான். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இத்தனை வருடம் மற்றவர்களின் இரத்தத்தைச் சோதித்தவளுக்கு, லேபிள் ஒட்டியிருக்கிறது என்பதற்காக ஒரு குப்பியை நம்பும் பழக்கம் போய்விடும். அந்தப் பழைய காரை வாங்கப் போனபோது நான் பனியில் மல்லாந்து படுத்து டோர்ச் அடித்து அடிப்பக்கம் பார்த்தேன். விற்கிறவர் பிரெஞ்சில் "மடாம் மெக்கானிக்கா?" என்று கேட்டார். "இல்லை, அம்மா" என்று நீ சொன்னாய். மனுசன் விலையைக் குறைத்துவிட்டார். வீடு வந்து சேரும்வரைக்கும் நீ சிரித்துக்கொண்டே வந்தாய். இந்த முறையும் தொலைபேசியில் அதே சிரிப்போடுதான் தொடங்கினாய்.

"அம்மா, நீங்கள் கோவிக்கக் கூடாது."

"கோவிக்கேல்லை, சொல்லு."

"லைசென்ஸ் வந்திட்டுது. பழைய மொடல் பிஸ்டல் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். கார் வாங்கேக்கை வந்தமாதிரி வாங்கோவன். அவன் என்னை ஏமாத்திப்போடுவான்."

பக்கத்தில் நின்ற அப்பாவுக்கும் அது கேட்டது. "துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனாங்கள்," என்றார். "இவன் கடையிலை போய்ப் பேரம் பேசி வாங்கப் போறானாம்." அவருக்கு அது ஒரு பகிடி. சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிக்குத் திரும்பிவிட்டார். நான் குசினியில் நின்று கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினேன்.

நீ மின்னஞ்சலில் அனுப்பிய மூன்றையும் பார்த்தேன். மதிய இடைவேளைகளில் ஆய்வுகூடக் கணினியில் உட்கார்ந்து, குறிசுடும் கழகத்துக்காரர்கள் எழுதும் பக்கங்களையும் வாசித்தேன். மூன்றும் பழைய பாணி, முழுக்க உருக்கு, மரப்பிடி, குண்டுகள் ஒற்றை வரிசையில் நிற்கும் ரவைக்கூடு. பிளாஸ்டிக் வேண்டாம், கடைந்த கை தெரிகிற சாமான்தான் வேண்டும் என்று எழுதியிருந்தாய். விமானத்துக்கு உதிரிப்பாகம் கடைகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் அப்படி நினைப்பது எனக்கு விளங்குகிறது. சீனாவில் செய்தது மூன்றிலும் மலிவு. மேற்பூச்சு கரடுமுரடு, கடைச்சல் இயந்திரத்தின் கோடுகள் அப்படியே தெரிகின்றன என்று குறைப்பட்டிருந்தாய். கோடு வெளியில் இருந்தால் இருக்கட்டும். உருக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் குறை சொல்ல வருகிறவர்களும் பூச்சைத்தான் திட்டுகிறார்களே தவிர உருக்கைத் திட்டவில்லை. பிலிப்பைன்ஸில் செய்தது சற்று விலை கூட, பார்வைக்கு நேர்த்தி, குறிபார்க்கும் முனைகள் பெரிது, கண்ணுக்கு இலகு. மூன்றாவது, ஐரோப்பாவில் பொலிஸ்காரர்கள் பாவித்துக் கழித்தது. அதுதான் மூன்றிலும் அழகு, உனக்கும் அதில்தான் கண் என்று தெரிகிறது. ஆனால் அதன் குழல் எவ்வளவு தேய்ந்தது, ஸ்பிரிங் எவ்வளவு களைத்தது என்பது விற்கிறவருக்கே தெரியாது. ஒரு சின்னத் துண்டு உடைந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதன்முதலாக வாங்குகிறவன் உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கிற ஒன்றை வாங்குவதுதான் புத்தி. என்னைக் கேட்டால் முதலிரண்டில் ஒன்று.

கடையில் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் ரவைக்கூட்டைக் கழற்று. பிறகு மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்பதைக் கண்ணாலும் பார், விரல் நுனியாலும் தடவிப் பார். விற்கிறவர் உன் கண்முன்னே பார்த்திருந்தாலும் நீயும் பார். மேல்பாகத்தை மெல்ல மெல்ல முன்னுக்கு விடு. எங்காவது தயங்கினால் கைக்குத் தெரியும். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு, விசையைத் தொடாமல், பின்னாலிருந்து பெருவிரலால் தள்ளு. அது விழக்கூடாது. பாதுகாப்புப் பூட்டைப் போட்டு விசையை இழுத்தாலும் ஒன்றும் நடக்கக்கூடாது. விசையை விட்டபிறகு பூட்டை எடுக்கும்போதும் ஒன்றும் நடக்கக்கூடாது. சில பழுதுகள் அந்த நேரம்வரை காத்திருந்துதான் வெளியே வரும்.

இவ்வளவையும் இணையத்தில் வாசித்து எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய். எந்த நாட்டில் செய்தது, என்ன பூச்சு என்பதெல்லாம் அப்படித்தான். கடையில் செய்யச் சொன்ன சோதனைகளை நான் எங்கும் வாசிக்கவில்லை.

உனக்கு அப்போது மூன்று வயது. யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில் நீயும் நானும் இருந்தோம். அப்பாவுக்குக் கொழும்பில் உத்தியோகம், மாதம் ஒருமுறை ரயிலில் வருவார். நான் இரசாயனப் பிரிவில் தற்காலிகமாகச் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பின்னேரம், என்னோடு படித்த குணா சைக்கிளில் வந்தான். படிப்பு முடிந்த கையோடு அவன் இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். சாக்குத் துணியில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தான்.

"இதைக் கொஞ்ச நாளைக்கு வைச்சிரும்."

"என்ன இது?"

"சாமான்தான். மண்ணுக்கை கிடந்து இறுகிப் போச்சு. வேலை செய்யாது, பயப்பிடாதையும்."

"ஏன் என்னட்டைக் கொண்டு வந்தனீர்?"

"உம்மை ஆர் ஐசே சந்தேகப்படப் போறாங்கள்? நாலு வருசம் வகுப்பிலை வாயே திறக்காத ஆள்."

பயத்தில் வாங்கி வைத்தேன் என்று சொல்லத்தான் விருப்பம். நான் மறுத்திருக்கலாம். மறுத்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வாய் திறக்காத என்னிடம் ஒருவன் நம்பி ஒரு பொருளைத் தந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து, உனக்குச் சிறிதாகிப்போன சட்டைகள் இருந்த பெட்டியின் அடியில் வைத்தேன். பிள்ளையின் உடுப்பை ஆமிக்காரன் கிளறமாட்டான் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எவ்வளவு அசிங்கமானது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பழுதான சாமானைப் பழுதாகவே வைத்திருக்க என்னால் முடியாது. மூன்றாம் நாள் அதை வெளியே எடுத்தேன். நீ இப்போது வாங்க நினைக்கிறாயே, அதே வடிவம், அதே மரப்பிடி. மேல்பாகம் அசையவில்லை. வகுப்பு முடிந்து வந்து, முன்கதவைச் சாத்திவிட்டு, ஒரு பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த சிறு பிரஷால் துருவைத் தேய்த்தேன். ஒவ்வொரு துண்டாகக் கழன்று வந்தது. எது எதோடு பொருந்துகிறது என்று கொப்பியில் படம் கீறி வைத்தேன். நீ எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, தையல் மெஷின் எண்ணெய்ப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாய்.

"என்னம்மா இது?"

"தையல் மெஷின்ரை சாமான்."

"தைக்குமோ?"

"ஓம், தைக்கும்."

நான் கேட்டபோதெல்லாம் நீ போத்தலைச் சரித்து ஒவ்வொரு துளியாக விட்டாய், ஒரு துளிகூடச் சிந்தவில்லை. இன்றைக்கும் இயந்திர எண்ணெய் மணம் உனக்குப் பிடிக்கும் என்று நீ சொல்லும்போது நான் பேச்சை மாற்றுவேன். இந்த இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு ஓர் ஆதாரமும் இல்லை. உன் தொழிற்சாலையில் உள்ள மற்றவர்களுக்கும் அந்த மணம் பிடிக்கும். அவர்களின் தாய்மார் பேக்கரியில் வேலை செய்திருப்பார்கள். இருந்தாலும் பேச்சை மாற்றுவேன்.

அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு, சரியாக வேலை செய்கிறதா என்று எப்படி நிச்சயப்படுத்துவது? மேலே உனக்கு எழுதினேனே, தள்ளிப் பார், பூட்டை எடுத்துப் பார் என்று, அவையெல்லாம் அந்த நாட்களில் நானாக யோசித்துக் கண்டுபிடித்த சோதனைகள். எல்லாமாகப் பதினொரு நாள் அது என்னிடம் இருந்தது. கடைசி நாட்களில் அதைச் சும்மா கையில் வைத்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். அந்தப் பாரம் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதை விட்டால் மற்றதெல்லாம் பாதிப் பொய்யாகிவிடும்.

பன்னிரண்டாம் நாள் குணா வந்தான். சாக்கை விரித்து மேல்பாகத்தை இழுத்தான். அது பட்டுப்போல வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஆர் இதைச் செய்தது?"

"நான்தான்."

"கெட்டிக்காரி ஐசே நீர்!"

அன்று பின்னேரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அதற்கு ஒன்பது நாள் கழித்து, எங்கள் சந்தியில், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு மட்டை. அதில் 'காட்டிக் கொடுத்தவன்' என்று எழுதியிருந்தது. பால்மா தட்டுப்பாடான மாதங்களில் இரண்டு பக்கற்றை எடுத்து மறைத்துவைத்து, "ரீச்சர், பிள்ளைக்கு" என்று தருகிறவர் அவர். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். காலையில் வகுப்புக்குப் போகும்போது நான் அந்தச் சந்தியைச் சுற்றிக்கொண்டு வேறு ஒழுங்கையால் போனேன். அவர்களின் வீட்டுக்கும் போகவில்லை.

எந்தப் பிஸ்டல் என்று எனக்குத் தெரியாது. அந்த ஊரில் அப்போது வேறும் இருந்தன. குணாவிடம் கேட்க முடியவில்லை. அவனை அதற்குப் பிறகு நான் காணவில்லை, அடுத்த வருடம் அவனும் இல்லை என்று கேள்விப்பட்டேன். நிரூபிக்க முடியாத ஒன்றுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை என்று இருபது வருடமாக எனக்கு நானே விரிவுரை நடத்தி வந்திருக்கிறேன். ஒரு விடயம் மட்டும் நிச்சயம். என்னிடம் வரும்போது அது சுடாது. என்னிடமிருந்து போகும்போது சுடும்.

அப்பாவுக்கு நான் இதைச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தில்தான் அவரும் அறிவார்.

இனி உன்னிடம் வருகிறேன். நீ மேற்படிப்பை விட்டுவிட்டு வந்து, பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தாயே, அதைப் பற்றி நாம் இருவரும் கதைத்ததே இல்லை. நான் சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு வருவேன். ஒரே ஒரு தடவை "என்ன செய்யுது?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றாய். கார் விற்கிறவன் சொன்னதை நம்பாமல் பனியில் படுத்த நான், நீ சொன்ன ஒண்டுமில்லையை நம்பிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். பங்குனியில் நீயே எழுந்து, தாடி மழித்து, வேலை தேடப் போனாய். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

பிறகு தொழிற்சாலை, தனி வீடு, குறிசுடும் கழகம். போன வருடம் உரிமத்துக்கு விண்ணப்பித்தாய். உன்னைப் பற்றிச் சாட்சி சொல்ல உன்னோடு வேலை செய்கிறவர் ஒருவரும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். அதை நீ வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிய வாரம், நான் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருக்கும் பொதுத் தொலைபேசியிலிருந்து உரிமம் கொடுக்கும் அலுவலகத்தை அழைத்தேன். என் மேசையிலேயே தொலைபேசி இருக்கிறது. அதை விட்டுச் சில்லறை மாற்றிக்கொண்டு போனேன். மறுபக்கத்தில் ஒரு பெண், பொறுமையானவர். என் மகனுக்கு ஒரு குளிர்காலம் மனம் சரியில்லாமல் இருந்தது, விண்ணப்பத்தைக் கவனமாகப் பாருங்கள், நான் அழைத்ததை அவனுக்குச் சொல்லாதீர்கள் என்றேன். யாரையாவது மிரட்டினாரா என்று கேட்டார். இல்லை என்றேன். தனக்கு ஏதும் செய்துகொள்வேன் என்று சொன்னாரா? இல்லை. அப்படியென்றால் எதற்குப் பயப்படுகிறீர்கள் மடாம் என்றார். தெரியாது என்றேன்.

தெரியும், தம்பி. உன் கையில் அதை நினைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது என் கை. நான் சொன்ன குளிர்காலம் உண்மை, நான் உன்னை நினைத்துக் கவலைப்பட்டதும் உண்மை. ஆனால் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மறைக்க உன்னுடைய வருத்தத்தை எடுத்து முன்னால் வைத்தேன். கவலை என்றால் உன் முகத்தைப் பார்த்து, "எனக்குப் பயமாக இருக்கிறது, வாங்காதே" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் நியாயமாகத்தான் நடந்தார்கள். உன்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள், வைத்தியரின் கடிதம் கேட்டார்கள், உன் சாட்சிகளோடு கதைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. உனக்கு நெருங்கிய யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பது மட்டும் அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்து உனக்கு விளங்கிவிட்டது.

நெருங்கியவர் என்றால் யார்? அவர்கள் தன்னோடு கதைத்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் சித்தப்பாதான். அவருக்கு அது பெருமை. அரசாங்கம் தன்னை மதித்து ஓர் அபிப்பிராயம் கேட்டது. டாக்சியில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். உன்னைச் சின்னனில் இல்-பிசார் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தூண்டிலில் புழுக் குத்தப் பழக்கிய மனுசன். உன்னைப் பற்றிச் சாட்சி சொல்லத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்திருப்பார்.

அன்று மண்டபத்தில் நடந்த சாமத்தியச் சடங்கில், சாப்பாட்டு வரிசையில், அவர் கையில் தட்டோடு நிற்கும்போது நீ கேட்டாய்.

"சித்தப்பா, நீங்கள்தானே என்னைக் காட்டிக் குடுத்தனீங்கள்?"

"என்னடா கதைக்கிறாய்?"

"அவங்களோடை கதைச்சது நீங்கள். அந்த வின்டர் நான் கீழை படுத்துக் கிடந்தது தெரிஞ்சதும் நீங்கள். வேறை ஆர்?"

 பத்து அடி தள்ளி நான் நின்றேன், கையில், பரிமாறிய மாமி ஒருவர் தந்த பாயாசக் கப். உன் தமிழில் எத்தனையோ சொற்கள் இல்லை. இந்தச் சொல்லை எங்கே பிடித்தாய் என்று யோசித்தேன். எங்களிடமிருந்துதான், எங்கள் வாயிலிருந்துதான். சித்தப்பா எதனால் ஊரைவிட்டு வந்தார் என்று உனக்கு நாங்கள் சொன்னதில்லை. பத்தொன்பது வயதில் ஆமி அவரைப் பிடித்துக்கொண்டு போய், மூன்றாம் நாள் விட்டுவிட்டது. மூன்றே நாளில் விட்டதுதான் அவர் செய்த குற்றம். என்னத்தைச் சொல்லி வெளியே வந்தான் என்று ஊர் கேட்கத் தொடங்கியது. மட்டையில் அந்தச் சொல்லோடு ஒரு கம்பத்துக்குப் போவதற்கு முன் உன் அப்பா அவரை ரயிலேற்றிவிட்டார். இருபது வருடம் கழித்து, பனிக்கால மொன்றியலில், சோற்றுத் தட்டோடு நிற்கும்போது அதே சொல் அவரைத் தேடி வந்தது. வளர்த்த பிள்ளையின் வாயால் வந்தது. அனுப்பியவள் நான்.

"விடுங்கோ, பெடியன் கோவத்திலை கதைக்கிறான்," என்று யாருக்கோ சமாதானம் சொல்லிவிட்டு, தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு அவர் வெளியே போனார். நான் பின்னால் போனேன். கார் நிறுத்துமிடத்தில், ஜாக்கெட்டைப் பூட்டாமல், டாக்சிச் சாவியை ஒவ்வொரு பொக்கற்றாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நான் நல்லாத்தான் சொன்னனான். தங்கமான பெடியன் எண்டு பிரெஞ்சிலை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. இவன் தங்கம், தங்கம் எண்டு ரெண்டு தரம் சொன்னனான். அந்தப் பொம்பிளை சிரிச்சவ."

"எனக்குத் தெரியும்," என்றேன்.

அவர் தேடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "நீங்கள் உள்ளை போங்கோ, குளிருது," என்று மட்டும் சொன்னார். நான் உள்ளே போனேன். உள்ளே போய் அந்தப் பாயாசத்தைக் குடித்தேன். நாலு மாதமாகிறது. அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை, தைப்பொங்கலுக்கும் வரவில்லை. உன்னிடம் என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவும் இல்லை. உன் கோபம் அவர்மேலேயே நிலைத்துவிட்டது, இனி என்னைத் தேடாது என்று ஒவ்வொரு தடவை நீ அவரைத் திட்டும்போதும் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. எல்லாவற்றிலும் அதற்குத்தான் எனக்கு அதிகம் வெட்கம்.

நேற்று நான் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு, அந்தக் கடைக்குத் தனியாகப் போனேன். உன்னோடு வருமுன் என்னால் உள்ளே நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கடைக்காரர் அறுபது வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. மகன் வாங்க வருகிறான், உரிமம் அவனிடம் இருக்கிறது, நான் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். பார்க்கலாம், என் முன்னால் பிடித்தும் பார்க்கலாம் என்று சொல்லி, நீ அனுப்பிய சீனத்துச் சாமானின் விசையில் மாட்டியிருந்த பூட்டைச் சாவியால் கழற்றி, ஒரு துணியை விரித்து அதன்மேல் வைத்தார். நான் எடுத்தேன். ரவைக்கூட்டைக் கழற்றினேன். மேல்பாகத்தை இழுத்து, உள்ளே பார்த்து, விரல் நுனியால் தடவினேன். மெல்ல விட்டேன். தயங்கவில்லை. சுத்தியலை நிறுத்தித் தள்ளினேன், பாதுகாப்புப் பூட்டைப் போட்டேன், விசையை இழுத்தேன், விட்டேன், பூட்டை எடுத்தேன். கை தானாகச் செய்தது. குழலை ஒருதரமும் அவர் பக்கமோ என் பக்கமோ திருப்பவில்லை. நிமிர்ந்தபோது அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மடாம் இதை முன்னம் செய்திருக்கிறீர்கள்," என்றார் பிரெஞ்சில்.

"இல்லை," என்றேன். "படத்தில் பார்த்ததுதான்."

மெட்ரோவில் வந்து, பஸ் மாறி, வீடு வரும்வரைக்கும் அந்த இல்லையை நினைத்துக்கொண்டு வந்தேன். முன்பின் தெரியாத ஒரு மனுசரிடம்கூட என் வாயில் அதுதான் முதலில் வந்தது. அதனால்தான் வந்த கையோடு, கோட்டையும் கழற்றாமல், இதை எழுத உட்கார்ந்தேன். நீ கேட்டால் என் பதில் ஓம். ஓம், செய்திருக்கிறேன். ஓம், தொலைபேசி எடுத்தது நான்.

நீ வாங்குவதா வேண்டாமா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வாங்கினால் சீனத்தையே வாங்கு, நேற்று நான் பார்த்ததில் குறை இல்லை. பூட்டியே வை. சாவியை யாரிடமும் கொடுக்காதே, என்னிடமும். எப்போதாவது அந்தக் குளிர்காலம் மாதிரி ஒன்று திரும்பி வந்தால், என்னிடம் ஒண்டுமில்லை என்று சொல்லாதே. சொன்னாலும் இந்த முறை நான் படியிறங்கி வருவேன்.

நாளைக்கு வேலை முடிந்ததும், இந்தத் தாள்களைக் கொண்டு சித்தப்பாவின் வீட்டுக்குப் போகிறேன். அவர் கதவைத் திறப்பார் என்று நினைக்கிறேன். அவர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்டுக்கொண்டு வருவேன். நீ அவரிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தரப்போவதில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். உன் கார் நிற்காமல் போனால் எனக்கு விளங்கும். நின்றால், முன்சீட்டில் சித்தப்பா இருக்கட்டும். நான் பின்னால் ஏறுகிறேன்.

அம்மா